ஒரே ஒரு பலகை!

பிள்ளைகளே, டிசம்பர் வந்தால் நாகர்கோவில் பக்கம் வீட்டு வாசல்களில் காகித ஸ்டார் தொங்குமல்லவா? அதற்குள் விட்டு விட்டு எரியும் எல்.இ.டி. விளக்கு வைக்க ஆசைப்பட்டேன். 9 வோல்ட் பேட்டரி, '555' என்ற எட்டுக் கால் ஐ.சி., இன்னும் சில பொடிப் பாகங்கள் போதும். ஆனால் இணைத்த கம்பிகளோ இடியாப்பம் போலச் சிக்கிக்கொண்டன!

பழைய ரேடியோவுக்குள்ளும் இதே சிக்கல்தான். ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், 1936-இல் லண்டனில் இருந்தபோது, கம்பிக்குப் பதில் பலகைமேல் உலோகக் கோடுகளை அமைத்து ஒரு ரேடியோ செய்தார். அதுதான் பி.சி.பி. டி.வி.யைப் பழுது பார்க்கிறவர் கடையில் பச்சைப் பலகை பார்த்திருப்பீர்களே!

தொழிற்சாலையில் இதை ஆயிரக்கணக்கில் செய்வார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டிலேயே செய்தேன்.

செம்புத் தகடு ஒட்டிய பலகை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். அந்தச் செம்பின் கனம் சுமார் 0.035 மில்லிமீட்டர்தான். அதை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, அழியாத மார்க்கர் பேனாவால் கோடுகள் வரைய வேண்டும். பிறகு பிளாஸ்டிக் தட்டில் ஃபெரிக் குளோரைடு கரைசலை ஊற்றி, அதில் போட வேண்டும். மை மூடிய இடத்தில் செம்பு நிற்கும். மற்ற இடத்தில் கரைந்துபோகும். மையைத் துடைத்தால் பளபளவென்று செம்புப் பாதைகள்! அப்புறம் துளையிட்டு, பாகங்களைப் பற்றவைக்க வேண்டியதுதான்.

நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, பொங்கிச் சூடேறிவிடும். என் வேட்டியில் விழுந்த மஞ்சள் கறை இன்றும் போகவில்லை.

இத்தனையும் செய்தும் என் விளக்கு எரியவில்லை! ஐ.சி.யை மேலிருந்து பார்த்து வரைந்த படத்தை, அடியிலுள்ள செம்புப் பக்கத்தில் அப்படியே வரைந்துவிட்டேன். கால்கள் இடம் வலமாக மாறிப்போயின. கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைந்திருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து, இரண்டாவது பலகையில்தான் ஸ்டார் மின்னியது.

சரி, கரைந்த செம்பு எங்கே போயிற்று? பல பலகைகளுக்குப் பயன்படுத்திச் சக்தி இழந்த கரைசலில் ஓர் இரும்பு ஆணியை இட்டேன். ஆணிமேல் செந்நிறமாகச் செம்பு படிந்தது. ஆக, செம்பு அந்த நீருக்குள்ளேயேதான் இருக்கிறது! அது மீன்களுக்கு நஞ்சு. சாக்கடையில் ஊற்றினால் குளத்துக்கோ பழையாற்றுக்கோதானே போகும்? பழையாறு மணக்குடியில் கடலில் சேர்கிறது. அதனால் நான் ஊற்றவில்லை. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் புட்டியில் பெயர் எழுதி ஒட்டி, பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத பரண்மேல் வைத்திருக்கிறேன். ஆய்வகக் கழிவோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.