ஓமோன் தடுப்பு மருத்துவமும் கலேவெல விவசாயியும்

முதுமையுற்ற ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் புரொஸ்டேற் சுரப்பிப் புற்றுநோய் முக்கியமான ஒன்றாகும். சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள இச்சிறு சுரப்பியில் தோன்றும் நோய், பெரும்பாலும் அரவமின்றி வளர்ந்து முள்ளந்தண்டு, இடுப்பு முதலிய எலும்புகளுக்குப் பரவுகின்றது. அவ்வாறு பரவியபின் அதனை வேரோடு களைதல் அரிது. ஆயினும் அடக்கிவைத்தல் இயலும். இதற்கான வழியை மருத்துவ உலகம் 1941இலேயே கண்டுகொண்டது.

அவ்வாண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் ஹகின்ஸ், கிளாரன்ஸ் ஹொட்ஜஸ் ஆகியோர், இப்புற்றுநோய் தெஸ்தொஸ்தரோன் என்னும் ஆண் ஓமோனைச் சார்ந்து வளர்வதை நிறுவினர். விதைகளை அகற்றியோ ஈஸ்திரஜன் கொடுத்தோ அவ்வோமோனைக் குறைத்தபோது நோய் தணிந்தது. இதற்காக ஹகின்ஸ் 1966இல் நோபல் பரிசைப் பெற்றார். எனினும், ஈஸ்திரஜன் மாத்திரைகள் இருதய நோயையும் குருதி உறைதலையும் விளைவித்தமை பின்னர் தெரியவந்தது.

உடலின் தெஸ்தொஸ்தரோனில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது விதைகளிலேயே சுரக்கின்றது. விதைகளை இயக்குவது கபச்சுரப்பி. கபச்சுரப்பியை இயக்குவது மூளையிலுள்ள பரிவகக்கீழ் விட்டுவிட்டு அனுப்பும் ஓமோன். இவ்வோமோனின் அமைப்பு 1971இல் துலக்கப்பட்டது. இதனையொத்த லியூப்ரோலைட், கொசரெலின் போன்ற மருந்துகள் இடையறாது உடலிற் சேரும்போது, கபச்சுரப்பி முதலில் தூண்டப்பட்டுப் பின்னர் ஓய்ந்துவிடுகின்றது. தொடக்கத்தில் ஏற்படும் இவ்வோமோன் பெருக்கம் எலும்பு வலியை மிகுவிக்கலாம். முள்ளந்தண்டில் நோயுள்ளவரின் கால்களைச் செயலிழக்கவும் செய்யலாம். எனவே அச்சில வாரங்களுக்கு பைகலூட்டமைட் போன்ற தடுப்பு மாத்திரைகளும் வழங்கப்படுகின்றன.

ஊசி மருந்தும் விதைகளை அகற்றும் சிறு சத்திரசிகிச்சையும் நோயை அடக்குவதில் ஏறத்தாழச் சமமானவை. எனவே எதைத் தெரிவது என்பது மருத்துவ வினாவாக மட்டும் நிற்பதில்லை. அது ஒரு சமூக வினாவுமாகும்.

மாத்தளை மாவட்டத்தின் கலேவெலப் பகுதியில் நெல்லும் பெரிய வெங்காயமும் பயிரிடும் முதிய விவசாயி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மாதந்தோறுமோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ அவர் ஊசி பெறவேண்டும். அதற்காகக் கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்வதாயின், ஒரு நாட் கூலியும் பஸ் கட்டணமும் உடன்செல்லும் மகனின் உழைப்பும் இழப்பாகும். அறுவடைக் காலத்தில் ஊசி தவறினால் ஓமோன் மீண்டும் தலைதூக்கும். சத்திரசிகிச்சையோ ஒருமுறையுடன் முடிவது. ஆயின் ஆண்மை பற்றிய நாணமும் அச்சமும் குறுக்கே நிற்கின்றன. இவ்விரு வழிகளையும் அவருக்குத் தாய்மொழியில் விளக்கி, முடிவை அவரிடமே விடுதல் மருத்துவரின் கடமையாகும்.

இருவழியிலும் பாலுணர்வு குன்றல், உடலில் திடீர் வெப்பம், எலும்பு நலிவு, தசை மெலிவு ஆகியன நேரும். காலப்போக்கில் புற்றணுக்கள் சொற்ப ஓமோனுடனும் வளரப் பழகிவிடுகின்றன. அந்நிலையில் அபிரட்டெரோன் போன்ற புதிய மருந்துகள் ஆயுளை நீடிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. எனினும், பட்டியலில் இடம்பெறுவது வேறு, நோயாளியின் கைக்கு எட்டுவது வேறு.

மருந்து வணிகப் பண்டமாக மட்டும் இருத்தலாகாது என வாதிட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. அக்கொள்கையின் பேறாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு தோன்றியபோது அவரது வாதத்தின் பெறுமதி மீண்டும் புலனாயிற்று. தவணை தவறாது பெறவேண்டிய மருந்து களஞ்சியத்தில் இல்லையெனின், இலவச மருத்துவம் என்பது வெறுஞ்சொல்லாகிவிடும்.

சிறுநீர் கழிப்பதில் இடர், நீங்காத முதுகுவலி என்பவற்றை முதுமையின் இயல்பெனக் கொண்டு வாளாவிருத்தல் தகாது. கால்கள் திடீரென வலுவிழப்பின் அன்றே வைத்தியசாலையை நாடவேண்டும். அறிவியல் 1941இல் திறந்த கதவு கலேவெல விவசாயிக்கும் திறந்திருக்க வேண்டும். அதனைத் திறந்துவைப்பது சமூகத்தின் பொறுப்பாகும்.