மறுபடியும் பயிற்சி நாற்காலியில்

வரைபடத்தில் ஓர் அளவுகோலை வைத்து மீனம்பாக்கத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் கோடு போட்டுப் பாருங்கள். கோடு திண்டிவனத்துக்கு மேலேயும் விழுப்புரத்துக்கு மேலேயும் போகும். ரயில் பாதையில் இரண்டு ஊருக்கும் இடையே 37 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஏறக்குறைய அரை மணி. உயரத்தில் போகிற ஜெட் விமானத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த நேரம் முழுக்கத் தரையில் ஒருவர் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்த வேலையில்தான் நான் இருக்கிறேன்.

வேலை கிடைத்த புதிதில் திண்டிவனத்தில் பக்கத்து வீட்டு அத்தை விசாரித்தார். “ஏம்மா, பிளேன் ஓட்டப் போறியா?” இல்லை என்றேன். “அப்ப ஏர் ஹோஸ்டஸா?” அதுவும் இல்லை என்றேன். “ரெண்டு கையிலயும் மட்டை வச்சிக்கிட்டு ஆட்டுவாங்களே, அதுவா?” அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. ஒருவகையில் அதுதான் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு மட்டும் விளக்கவே தேவைப்படவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். “கன்ட்ரோலர்னு சொல்லு, போதும்” என்றார்.

அப்பாவின் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் ஒரு பாதையில் வண்டி ஓட்டாத லோகோ பைலட், அங்கே தனியாக ஓட்டுவதற்கு முன் ‘ரோடு லேர்னிங்’ போய் வர வேண்டும். திருச்சி கார்டு லைனில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும், காட்பாடி பக்கம் போகாமல் இருந்தால் அந்தப் பாதைக்கு அவர் மறுபடி மாணவர்தான். சிக்னல் எங்கே மறைந்திருக்கும், எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். எங்கள் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். கெடு மட்டும் வேறு.

இந்திய வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னையின் பகுதி வங்காள விரிகுடாவில் வெகுதூரம் போகிறது. அதற்குள் வரும் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையின் சாரம். மேலும் கீழுமாகப் பறந்தால் குறைந்தது 1,000 அடி இடைவெளி. ஒரே உயரத்தில் ரேடார் கண்காணிப்பில் போனால் வழக்கமாக 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து முண்டியம்பாக்கம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட்டுகள் அந்தத் தூரத்தைத் தின்று தீர்க்க இருபது நொடி போதும். அதனால் இது கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கிற வேலையில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் யார் எங்கே இருப்பார் என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள், பொறியியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். நான் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்தவள். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் பதவிக்குக் கணினித் தேர்வு நடத்தும். அதில் தேறினால் குரல் தேர்வு, உளவியல் சோதனை, மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக வரும். பிறகு பயிற்சி. பிரயாக்ராஜில் 1948 முதல் இயங்கும் சிவில் விமானப் பயிற்சிக் கல்லூரிதான் இதில் மூத்தது; ஹைதராபாத்திலும் மகாராஷ்டிரத்தின் கோண்டியாவிலும் மையங்கள் இருக்கின்றன. வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு எல்லாம் முடிந்து ஒரு விமான நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஊரில் எல்லாரும் அத்தோடு படிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதிக் கிணறு இன்னும் பாக்கி இருக்கும்.

அந்தப் பாதிக்கு ஓ.ஜே.டி. என்று பெயர், பணியிடப் பயிற்சி. உண்மையான விமானங்களோடு பேசுவோம். பக்கத்தில் தகுதி பெற்ற ஒருவர் தானும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாய் எங்களுடையது, பொறுப்பு அவருடையது. எந்த நொடியும் அவர் குறுக்கிட்டுப் பேச்சைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். சர்வதேச விதிப்படி, ஓடுபாதையைக் கவனிக்கும் டவர் தகுதிக்குக் குறைந்தது 90 மணி நேரமோ ஒரு மாதமோ, எது அதிகமோ அது. நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் அப்ரோச், நெடுந்தூரப் பாதைகளைக் கவனிக்கும் ஏரியா ஆகிய தகுதிகளுக்கு 180 மணி நேரமோ மூன்று மாதமோ, எது அதிகமோ அது. பயிற்சியைப் பாதியில் விட்டவர்களுக்கு இடி அடுத்த வரியில் இருக்கிறது. அந்த அனுபவம் தகுதிக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். போன வருஷம் பாதி உட்கார்ந்தேன், மீதியை இப்போது உட்காருகிறேன் என்பது செல்லாது.

2020 மார்ச்சில் அப்படி ஒரு பாதியில்தான் நான் இருந்தேன். 25ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் நின்றன. வெளிநாட்டு விமானங்கள் அதற்கு முன்பே நின்றிருந்தன. மே 25 வரை உள்நாட்டு அட்டவணை விமானம் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. சரக்கு விமானம் வந்தது, மே மாதத்தில் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்த வந்தே பாரத் விமானங்கள் வந்தன. காலியான வானத்தில் என்ன கற்றுக்கொள்வது? எழுத்துப் பாடம் வீட்டிலிருந்தே ஓடியது. பேச்சு மட்டும் துருப்பிடித்தது. போக்குவரத்து திரும்பியதும் என் மணிக்கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. என்னோடு பயிற்சியில் இருந்த எல்லாருக்கும் ஏறக்குறைய அதே கதை என்பதால் யாருக்கும் பெரிய வருத்தமில்லை.

இரண்டாவது முறை நான் மட்டும்.

தகுதி வாங்கியபின் 2022இல் பேறுகால விடுப்பில் போனேன். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியில் இன்னொரு ஆறு மாதம் இருக்கிறது. தகுதியைப் பயன்படுத்தாமல் இருந்தால், அந்தந்த நாடு குறிக்கும் காலத்துக்குப் பின் அது செல்லாமல் போகும். எந்த நாடும் ஆறு மாதத்துக்கு மேல் விடக் கூடாது. திறமை இன்னும் இருக்கிறது என்று மறுபடி நிரூபித்தால்தான் நாற்காலி. இப்போது நம் நாட்டுப் பேறுகாலச் சட்டத்தைப் பாருங்கள். 2017இல் செய்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. 26 வாரம் என்றால் 182 நாள். இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் கணக்கு இப்படி முட்டிக்கொண்டு நிற்கிறது: சட்டம் தருகிற விடுப்பை முழுசாக எடுக்கிற பெண் கன்ட்ரோலர் திரும்பி வரும்போது பெரும்பாலும் பயிற்சி பெறுபவராகத்தான் வருவார். போதாததற்குப் பிரசவத்துக்குப் பின் மருத்துவத் தகுதியை வேறு மறுபடி பார்த்துத்தான் அனுமதிப்பார்கள்.

இதை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் திரும்பிப்போய் உட்கார்ந்த முதல் நாள் எனக்கே தெரிந்தது. வானூர்தித் தகவல்கள் 28 நாள் சுழற்சியில் புதுப்பிக்கப்படுகின்றன. அலைவரிசை, பாதை, நடைமுறை எது வேண்டுமானாலும் மாறலாம். நான் விடுப்பில் போனபோது ஆகாசா ஏர் பறக்கவே தொடங்கவில்லை. திரும்பி வந்தபோது புதிய அழைப்புப் பெயரோடு காதில் விழுந்தது. அது சின்ன விஷயம், படித்தால் தெரிந்துவிடும். படித்து வராதது வேறொன்று. நான்கு பைலட்டுகள் அடுத்தடுத்துப் பேசும்போது ஒருவர் திருப்பிச் சொன்ன உயரம் நாம் சொன்ன உயரம்தானா என்று காது தானாகவே பிடிக்கும். அந்தக் காது எனக்கு அன்று இல்லை. இரவெல்லாம் குழந்தையின் அழுகைக்கு விழித்த காது அது, அதில் பிசிறில்லை. இந்தக் குரல்களுக்குத்தான் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்த பயிற்றுநர் எனக்கு ஜூனியர். ஒரு காலத்தில் நான் சொல்லிக்கொடுத்த பையன். “மேடம், கொஞ்சம் மெதுவா பேசலாம்” என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். இடைவேளையில் கூப்பிட்டு, “தயங்காத, தப்புன்னா உடனே சொல்லு” என்றேன். அதன்பிறகு அவன் தயங்கவே இல்லை. அவ்வளவு கறாராக இருப்பான் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

திருப்பிச் சொல்வதில் இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சார்கி தாத்ரியைச் சொல்வேன். 1996 நவம்பர் 12, டெல்லிக்கு மேற்கே ஹரியாணாவில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் தனக்குத் தந்த உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த விமானிகளின் ஆங்கிலப் போதாமையும் விசாரணையில் பேசப்பட்டது. விமானிகளுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் நிலைத் தகுதி வேண்டும் என்ற விதி பின்னாளில் உலகம் முழுக்க வந்ததற்கு இதுபோன்ற விபத்துகள்தான் பின்னணி. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டதும் மிரள்கிறார்கள். மிரள வேண்டாம். யாரும் லண்டன் உச்சரிப்பைக் கேட்பதில்லை, தெளிவைக் கேட்கிறார்கள். நானும் தமிழ் வழிதான்.

நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பியவர்கள் என்றால் அமெரிக்காவைத்தான் சொல்ல வேண்டும். 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட கன்ட்ரோலர்களை அதிபர் ரேகன் ஒரேயடியாக நீக்கினார். மறுபடி எடுக்கவும் தடை. 1993இல் கிளின்டன் தடையை விலக்கியபோது பன்னிரண்டு ஆண்டு ஓடிவிட்டிருந்தது. விண்ணப்பித்தவர்கள் ஆயிரக்கணக்கில், திரும்ப முடிந்தது சில நூறு பேருக்குத்தான். பழைய அனுபவத்தை நம்பி யாரையும் நேரே நாற்காலியில் உட்கார வைக்கவில்லை.

போன வருஷம் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். ஓ.ஜே.டி.யில் இருந்தவன். அப்பாவுக்குப் பக்கவாதம், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. “அக்கா, இப்ப வேலைய எழுதிக் குடுத்துட்டு, அப்பா எழுந்து நடந்ததும் மறுபடி சேந்துக்கலாமா?” என்றான். எழுதிக் கொடுக்காதே என்று கத்திவிட்டேன். விடுப்பு வேறு, ராஜினாமா வேறு. விடுப்பில் போனால் இழப்பது மணிக்கணக்கு. ராஜினாமா செய்தால் வேலையே போகும், வேலையில் சேரும்போது எழுதிக் கொடுத்த பிணைப்பத்திரத்தின் பணம் கழுத்தை நெரிக்கும், மறுபடி தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வும் நாம் நினைத்தபோது வருவதில்லை. 2023இல் 496 இடத்துக்கு அறிவிப்பு வந்தது, 2025இல் 309 இடத்துக்கு. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டும் பட்டியலினத்தவருக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு, ஆனால் வயது யாருக்காகவும் காத்திருக்காது. காரணத்தை எழுதி, மருத்துவச் சான்றை வைத்து, விடுப்பாகக் கேள் என்றேன். எந்தப் பேச்சும் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது, எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும் என்றும் சொன்னேன். அவன் கேட்டான், கிடைத்தது.

விடுப்பில் இருந்தபோது என்ன படிப்பது என்று மறுபடி போன் வந்தது. விதிப்புத்தகத்தை விட்டுத்தள்ளு, அது எங்கேயும் போகாது. தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகு என்றேன். மாட்டுக்கொட்டகையில் நின்று “கிளைம்ப், டிசென்ட்” என்று பேசினானாம். அவன் பாட்டி, பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டாராம்.

இப்போது அவன் திரும்பப் போய் முதல் மணி நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறான். பழைய பதிவேட்டுப் பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டான். கணக்கில் சேராது, ஆனாலும் வை என்றேன். ஓரத்தில் பயிற்றுநர் எழுதிய குறிப்புகள் இருக்குமே. எடுத்துப் பார்த்திருக்கிறான். ‘வேகமாகப் பேசுகிறார்’ என்று மூன்று பக்கத்தில் இருக்கிறதாம். இப்போதைய பயிற்றுநரும் அதையேதான் சொல்கிறார் என்று, அதே வேகத்தில் என்னிடம் சொன்னான்.