தேக்கா மாட்டுவண்டியும் பாப்கேட் பேரிங்கும்

சிங்கப்பூர்த் தேக்காவில் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று அருகருகே இரண்டு தெருக்கள் உண்டு. இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றுதான்: எருமை! 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்த வட்டாரம் அது. மாட்டுவண்டி என்றாலே அச்சும் கடையாணியும் வண்டி மையும் நினைவுக்கு வரும். மை வற்றினால் சக்கரம் கீச்சிடும். வண்டிக்காரர் உடனே இறங்கிப் பார்ப்பார்.

இன்று அதே தேக்காவில் ஞாயிறுதோறும் கூடும் நம் இளைஞர்களில் பலர், கட்டுமான இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். நம் தோட்டங்களிலிருந்து பட்டறை வேலைக்குப் போன பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெற்றோர்களே, கடிதம் போடும்போது இதையும் கத்தரித்து அனுப்புங்கள்.

‘ஸ்கிட் ஸ்டியர் லோடர்’ என்னும் சிறிய மண்வாரியைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் ‘பாப்கேட்’ என்றே பலரும் சொல்லுகிறார்கள். 1957-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சிரில், லூயி கெல்லர் என்ற சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணையைத் துப்புரவு செய்வதற்காகக் கட்டிய வண்டிதான் இதன் மூதாதை. கோழிக் கொட்டகைக்காகப் பிறந்ததால்தான் இடுக்கிலும் நின்ற இடத்திலேயே சுழல்கிறது.

ஆனால் அந்தச் சுழற்சியிலேதான் வினை இருக்கிறது. இதன் சக்கரங்கள் காரைப் போலத் திரும்பமாட்டா. ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களும் பெரும்பாலும் சங்கிலியால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓட, டயர்கள் தரையை உராய்ந்துகொண்டு வண்டி திரும்பும். அப்போது அச்சைப் பக்கவாட்டில் தள்ளும் விசை முழுவதும் பேரிங்கின் தலையில் விழுகிறது. இதைத் தாங்குவதற்கென்றே கூம்பு உருளைப் பேரிங் போடுகிறார்கள். 1898-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன் யார் தெரியுமா? குதிரை வண்டி செய்கிறவர்!

பேரிங் சொல்லாமல் சாவதில்லை. சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு தெரியும். திரும்பும்போது முனகல் கேட்கும். சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் லொடலொடக்கும். இந்நிலையில் பிரித்தால் பேரிங்கோடும் ஆயில் சீலோடும் செலவு முடிந்துவிடும். “இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்” என்றால் அச்சும் போகும், சங்கிலியும் போகும்.

தம்பிமாரே, ஸ்பேனரை எடுக்குமுன் இதைக் கேளுங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். வாளிக் கையைத் தரையில் இறக்கிவிடுங்கள். உயர்த்தி வைத்தே தீரவேண்டுமானால், அதற்கென்றுள்ள பூட்டுத்தடியைப் போட்ட பிறகே கீழே போகலாம். எஞ்சினை நிறுத்திச் சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுந்தான். தாங்குவதற்கு உறுதியான முட்டு வேண்டும். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் முட்டில்லாமல் நுழையாதீர்கள். சிங்கப்பூரின் 2006-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இந்தப் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்து மார்பை நசுக்கிக்கொள்வதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

பிறகு சங்கிலிப் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பாருங்கள். இரும்புத் துகள் மின்னினால் நோய் முற்றியது என்று அர்த்தம். அச்சை உருவியதும், சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் கசியும். பேரிங்கின் உள் வளையம், வெளி வளையம் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைக் கூட்டுவது பொருந்தாக் கல்யாணம். உள் வளையத்தைச் சுத்தியலால் அடிக்காமல் சூடாக்கி ஏற்றுங்கள். 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு போதும். 120-ஐத் தாண்டினால் எஃகின் கடினம் கெடும். ஆகவே காஸ் விளக்கு கூடவே கூடாது. சீலின் உதடு எண்ணெய்ப் பக்கம் பார்த்திருக்கட்டும். இறுக்கத்தின் அளவு அந்தந்த மாடலின் புத்தகத்தில் இருக்கும், கைக்கணக்கு வேண்டாம்.

பேரிங் வாங்கும்போது அதில் வெட்டிய எண்ணைப் படியுங்கள். 30208 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கமாகிய 08-ஐ ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 40 மில்லிமீட்டர்! வாய்ப்பாடு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம். அங்குல அளவுப் பேரிங்குகளுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. 2017 ஜூலை 10-இல் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் பழைய சாமான்களைப் பேரம் பேசி வாங்கிய பழக்கம் நம்மவர்க்கு உண்டு. பேரிங்கில் அது ஆகாது.

பூட்டி, எண்ணெய் ஊற்றி, வண்டியை இறக்கியபின் இரு பக்கமும் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். சிறிது நேரம் வேலை செய்ததும் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மாற்றிய இடம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங் மிதமிஞ்சி இறுகியிருக்கிறது. மறுபடி பிரிக்கத்தான் வேண்டும். சக்கர நட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.