பருவங்கள் காட்டும் காலிக் கோட்டை

ஒரு நகரத்தைக் கண்டோம் என்று சொல்வதற்கு அதனை எத்தனை முறை காணவேண்டும்? நம் கல்லூரிகளிலிருந்து தென்னிலங்கைக்குக் கல்விச் சுற்றுலாச் செல்லும் மாணவர், காலிக் கோட்டையைப் பெரும்பாலும் இரண்டொரு மணி நேரத்திற் பார்த்து முடிக்கின்றனர். மதிலின்மேல் நடக்கின்றனர், மணிக்கூட்டுக் கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் நோக்குகின்றனர், உடனே மாத்தறைக்குப் புறப்படுகின்றனர். பின்னர் அவர் எழுதும் குறிப்பிலே, போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர் என்னும் மூன்று வாக்கியங்களே எஞ்சுகின்றன. இவை பிழையானவை அல்ல. ஆயினும், அந்நியர் இவ்விடத்தை ஏன் நாடினர், ஏன் இவ்வாறு கட்டினர், இந்நகரின் பெருமை பின்னர் ஏன் குன்றியது என்பவற்றை இவை விளக்கமாட்டா. அவ்விளக்கத்தைத் தருவனவற்றுள் தலையானவை காற்றும் கடலுமாம். ஆதலின், காலியைப் பருவந்தோறும் காண்பவனே அதன் வரலாற்றை உணர்வான் என்பது என் துணிபு.

முதலில் மார்கழி, தை, மாசி மாதங்களை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் நாம் வாடையென வழங்கும் வடகீழ்ப் பருவக்காற்று, காலியை அடையுமுன் நிலப்பரப்பையும் மலைநாட்டையும் கடக்கவேண்டியுள்ளது. அதனால் அங்கே கடல் அடங்கிக் கிடக்கும். மீன்பிடி வள்ளங்கள் அச்சமின்றிச் சென்று மீளும். கோட்டைக்குக் கிழக்கேயுள்ள குடாவைப் பார்க்கும் எவரும், பாய்க்கப்பல்கள் தங்குவதற்கு இதனினும் இனியதோர் இடம் உண்டோ என வியப்பர். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றியது 1640 மார்ச் 13 ஆம் நாள். ஒல்லாந்தர் அதனை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது 1796 பெப்ரவரி 23 ஆம் நாள். ஆட்சி மாறிய இரு நாள்களும் கடல் அமைதியாயிருக்கும் காலத்தில் அமைந்தமை நோக்கத்தக்கது.

அதே குடாவை யூன், யூலை மாதங்களிற் காண்பவன் வேறொரு கடலைக் காண்பான். தென்மேற் பருவக்காற்று, அதாவது நமது சோளகம், தடையின்றி வந்து மோதும். குடாவின் வாய் தெற்கு நோக்கித் திறந்திருப்பதாலும், நீரினுள்ளே பாறைகள் மறைந்திருப்பதாலும் புகலிடமே பொறியாக மாறும். ‘மாலை நட்சத்திரம்’ எனப் பொருள்படும் அவொண்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பல், 1659 யூலை மாதத்தில் நங்கூரம் நழுவித் தரைதட்டி இத்துறைமுகத்திலேயே அமிழ்ந்தது. நடுக்கடலிலன்று, கோட்டையின் கண்முன்னே அது அழிந்தது என்பதை எண்ணுக. கொழும்பில் 1875 இல் தொடங்கப்பெற்ற அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவெய்தியபோது, கப்பல்கள் அங்கே சென்றதிலும் வியப்பில்லை. காலியின் துறைமுகச் சிறப்புக் குன்றியதற்குரிய காரணத்தை, யூலை மாதத்தில் மதிலின் தென்கோடியில் நிற்பவன் நூலின் துணையின்றியே அறிவான்.

இவ்விரு பருவங்களுக்கும் இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசியிலும், பிற்பகலில் இடியுடன் மழை பொழியும். அவ்வேளையில் மதிலை விட்டுத் தெருக்களுள் நுழைதல் நன்று. தூண்கள் தாங்கும் விறாந்தைகளும் ஓட்டுக் கூரைகளும் வெயிலையும் மழையையும் ஒருங்கே கருதி அமைக்கப்பட்டவை என்பது அப்போது புலனாகும். ஒல்லாந்தர் நிலத்தின்கீழ்க் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தனர். திரைத்தன் கொத்தளத்திலிருந்த காற்றாலையின் விசையால் கடல்நீரை ஏற்றி அவற்றைக் கழுவினர். கப்பலை உடைத்த காற்றே நகரைத் துப்புரவாக்கவும் பயன்பட்டது. 1755 ஆம் ஆண்டுத் தேவாலயமும், பள்ளிவாசலும், நீதிமன்றங்களும், குடிமக்களின் இல்லங்களும் மதிலுக்குள்ளே அடங்கியுள்ளன. 1988 இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட இக்கோட்டை, வெறும் இடிபாடன்று. மக்கள் வாழும் ஊர்.

எனினும், பருவத்தை அறிந்தோர் கடலை முற்றும் அறிந்தோர் ஆகார். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் அமைதியாயிருக்கவேண்டிய காலத்திலேயே ஆழிப்பேரலை எழுந்தது. மதிலுக்கு வெளியே புதுநகரின் பேருந்து நிலையமும் விளையாட்டரங்கும் அழிவுக்குள்ளாயின, பலர் உயிரிழந்தனர். உள்ளேயிருந்த ஊரைப் பழைய மதில் பெரிதும் காத்தது. பீரங்கிக்கு அஞ்சிக் கட்டியது அலைக்கு அரணாயிற்று.

தமிழ் மாணவர் மறத்தலாகாத செய்தியொன்று இன்னும் உண்டு. காலியில் 1911 இல், நீர்க்காலொன்றின் மூடியாகக் கவிழ்ந்து கிடந்த கல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. 1409 ஆம் ஆண்டினதான அக்கல்லில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் காணிக்கைகள் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் எழுந்தருளிய தென்னாவரை நாயனாராகிய திருமாலையும் போற்றுகின்றன. போர்த்துக்கேயர் வருமுன்னரே, பருவக்காற்றின் துணையால் வந்த வணிகரிடையே தமிழ் இத்துறைமுகத்தின் பொதுமொழிகளுள் ஒன்றாய் விளங்கியது என்பதற்கு இது சான்று. மக்கள் அதன்மேல் நடந்து திரிந்தபோதும் அதனை அறிந்தாரில்லை. இன்று அது கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது.

நாமும் அவ்வாறே வரலாற்றின்மேல் நடந்து திரும்பிவிடலாகாது. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: ஒரு மாணவன் கல்லூரியிற் பயிலும் காலத்தில் இருமுறையேனும், ஒருமுறை வாடைக் காலத்திலும் மறுமுறை சோளகக் காலத்திலும், அவனை அங்கே அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் அம்மும்மொழிக் கல்லையும் காட்டுங்கள். முதன்முறை அவன் ‘யார் வந்தனர்?’ என்று வினவுவான். இரண்டாம்முறை ‘ஏன் வந்தனர்? ஏன் நீங்கினர்?’ என்று வினவுவான். அவ்விரண்டாம் வினாவிலேதான் வரலாற்றுக் கல்வி தொடங்குகின்றது.