நாரைக்கும் உழவருக்கும் ஒரே குளம்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். குளத்தில் நீர் பெருகியதும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து, ஊருக்குள் உள்ள மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நாரை வந்தால் ஊர் செழிக்கும் என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை. பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு நல்ல உரமாகிறது. 1994-இல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

நாரை ஆழமில்லாத நீரில் நின்று, திறந்த அலகால் துழாவி மீன் பிடிக்கும். குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய இரண்டு மாதங்களாகும். அதுவரை குளத்தில் நீர் நிற்க வேண்டும். உச்சி வெயிலில் பெரிய நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். நீர் வற்றினால் அதனால் என்ன செய்ய முடியும்?

உழவர் நிலையும் இதுவே. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 கோடையில் பல குளங்கள் வறண்டன. 2023 டிசம்பரிலோ இதே மாவட்டத்தில் பெருவெள்ளம். நீரில்லாவிட்டால் நாரை வேறு குளம் தேடிப் போகும். நிலத்தைத் தூக்கிக்கொண்டு உழவர் போக முடியாது.

எனவே கோடை மழையை நம்பிப் பயிர் வைக்காமல், குளத்து நீர் எத்தனை நாளைக்கு வரும் என்று தை மாதமே கணக்கிடுவது நல்லது. நீர் குறைவென்றால் நெல்லை விட்டு, 65 முதல் 75 நாளில் விளையும் உளுந்து, பாசிப்பயறு விதைக்கலாம். கோடையில் ஒரு மழை பெய்தாலும் அந்த ஈரத்திலேயே சரிவுக்குக் குறுக்காக உழுதுவிட்டால், அடுத்த மழை ஓடி வீணாகாமல் நிலத்தில் இறங்கும்.