உங்களுக்குத் தெரியுமா? குதிரைக்கு முதலுதவி

● குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயிலில் உள்ள தசைவளையம், உள்ளே போன எதையும் மேலே விடாது. வாயுவோ தீவனமோ அளவுமீறிச் சேர்ந்தால் இரைப்பையே வெடித்துவிடலாம்.

● வயிற்றுவலி கண்ட குதிரை திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும், படுத்துப் புரளும். உடனே தீவனத்தை அகற்றிவிட்டு மருத்துவரை அழையுங்கள். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

● ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரைதான். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பைத் தடவினால் ரத்தக்குழாய் விரலுக்கடியில் உருளும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்விலும் 60ஐத் தாண்டினால் நிலைமை மோசம்.

● ஈறைக் கட்டைவிரலால் அழுத்தினால் வெளுக்கும். விரலை எடுத்த 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். தாமதித்தால் ரத்த ஓட்டம் சரியில்லை.

● குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். மேயும்போது மூக்கில் பாம்பு கடித்து, வீக்கம் நாசியை அடைத்தால் மூச்சுத் திணறிச் சாகும். அமெரிக்காவில் இதற்கென்றே சிறு குழாய்த் துண்டுகளை முதலுதவிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வீக்கம் முற்றுமுன் நாசிக்குள் செருகிவிடுவார்கள்.

● குளம்பில் ஆணி ஏறினால் அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. அது எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று மருத்துவர் எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். எடுத்தே தீர வேண்டுமென்றால் துளை இருந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

● 500 கிலோ குதிரையின் உடலில் சுமார் 40 லிட்டர் ரத்தம் இருக்கிறது. எனவே கொஞ்சம் ரத்தத்தைக் கண்டு பதற வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். கட்டு நனைந்தால் அவிழ்க்காமல் அதன்மேலேயே இன்னொரு கட்டுப் போடுங்கள்.

● டெட்டனஸ் கிருமிக்கு மிக எளிதில் பலியாகும் பிராணி குதிரை. ஆனால் மனிதருக்கான டெட்டனஸ் எதிர்நஞ்சு நெடுங்காலம் குதிரை ரத்தத்திலிருந்தே தயாரானது. நம் ஊர்ப் பாம்புக்கடி மருந்து இன்றும் அப்படித்தான் தயாராகிறது.

● சாலையோரத்திலும் வீட்டு முற்றத்திலும் பூக்கும் அரளி குதிரைக்குக் கொடிய விஷம். ஒரு கைப்பிடி இலையே உயிரைப் பறிக்கும். காய்ந்த இலையிலும் விஷம் போகாது.

● லாயம் தீப்பிடித்தால், வெளியே கொண்டுவந்த குதிரை பழகிய இடம் என்று திரும்பவும் தீக்குள்ளேயே ஓடலாம். வெளியே விட்டதும் கட்டிப்போடுங்கள் அல்லது கதவை மூடுங்கள். நைலான் தலைக்கயிறு சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும், தோல்வாரே நல்லது.

● 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கியபோது, மீட்கப்பட்ட குதிரைகளை உரிமையாளரிடம் சேர்க்கக் கைகொடுத்தது உடலில் பதித்த மைக்ரோசிப். அது இல்லாதவர்கள் வெள்ளம் வருமுன் குளம்பில் தொலைபேசி எண்ணை எழுதலாம்.

குதிரை வளர்ப்பவரா நீங்கள்? அது நலமாக இருக்கும்போதே நாடி, மூச்சு, உடல்சூடு மூன்றையும் குறித்து, கால்நடை மருத்துவரின் எண்ணோடு லாயக் கதவில் ஒட்டிவையுங்கள்.