யோசேப்பின் எலும்புகள்



ஆவணி பிறந்துவிட்டால் வடபுலத்துக் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் பாய்கள் போதாமல் போய்விடுகின்றன. கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, இங்கிலாந்து என்று சிதறிப்போன உறவுகள், பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையைப் பார்த்து வந்து இறங்குகிறார்கள். 15 ஆம் திகதி மருதமடு அன்னையின் ஆவணித் திருவிழா. அதற்கு முன்னோ பின்னோ ஒரு நாள் முற்றத்திலே ஒடியற்கூழ் காய்ச்சப்படும். பனையோலைப் பிளாவை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். பல குடும்பங்களில் மூன்று தலைமுறையும் ஒன்றாக அமர்வது அந்த ஒரு நாளில் மாத்திரமே.

அப்படியானதொரு நாளில், விறாந்தைச் சுவரிலே மாலை அணிந்து தொங்கும் படங்களின் கீழே நின்று ஒரு பிள்ளை கேட்கும்: "இது ஆர்?" அதற்குக் கொடுக்கப்படும் மறுமொழியைக் கவனித்திருக்கிறீர்களா? "அது உங்கட சித்தப்பா. மோசம் போயிட்டார். நீங்கள் போய் விளையாடுங்கோ." பிள்ளை போய்விடுகிறது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கூழைக் குடிக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வினாவைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலே திருக்குடும்பத்தின் பயணமொன்று வருகிறது. ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்காக யோசேப்பும் மரியாவும் எருசலேமுக்குப் போவது வழக்கம். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில் அவர் நகரிலே தங்கிவிட, பெற்றோர் அதை அறியாமல் ஒரு நாள் முழுவதும் வழிநடந்துவிடுகிறார்கள். எப்படி அறியாமற் போயினர்? பிள்ளை பயணிகள் கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணினார்கள். பிறகு உறவினரிடையே தேடினார்கள். மறையுரைகளில் பெற்றோரின் பதைபதைப்பே பெரிதாகப் பேசப்படுகிறது. அந்த உறவுக் கூட்டம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பெரியம்மா வீட்டாரோ சித்தப்பா வீட்டாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பகல் முழுவதும் கவலையின்றி நடக்கக்கூடிய குடும்பம் அது. சட்டி பானையோடு மாட்டுவண்டிகளிலே மடுவுக்குப் போய், மரநிழலிலே கொட்டில் போட்டு நாட்கணக்காகத் தங்கிய எமது பாட்டன் பாட்டிமாருக்கு இதை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அவர்கள் போன விழா எது? பாஸ்கா, இஸ்ராயேல் மக்களின் விடுதலை நாள். இன்றைய சொல்லிலே கூறினால் ஒரு மக்களினத்தின் சுதந்திர தினம். அதை எவ்வாறு கொண்டாட வேண்டுமென்று விடுதலைப் பயண நூலின் 12 ஆம் அதிகாரம் விவரிக்கிறது. அங்கே அணிவகுப்பு இல்லை, கொடிக்கம்பமும் இல்லை. வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி. வீட்டாரின் தொகை குறைவென்றால் அயல்வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த வழிபாட்டின் பொருள் என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்பொழுது நீங்கள் சொல்ல வேண்டும் என்று மோசே பணிக்கிறார். பிள்ளையின் வினா கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாகவே அங்கு வைக்கப்பட்டிருக்கிறது. இன்றும் யூத இல்லங்களிலே பாஸ்கா இரவில் வினாக்களைக் கேட்பது வழக்கமாக வீட்டின் ஆகச் சிறிய பிள்ளைதான். எமது ஆண்டவர் தம் சீடரோடு கடைசியாக அமர்ந்ததும், தமது நினைவாகச் செய்யும்படி கேட்டுக்கொண்டதும் அந்த விழாவின் பந்தியிலேயே.

அடுத்த அதிகாரத்திலே, வாசித்துக்கொண்டு போகையில் எளிதிலே கண்ணுக்குத் தப்பிவிடும் வசனம் ஒன்று உண்டு. 19 ஆம் வசனம். மக்கள் அவசர அவசரமாக எகிப்தை விட்டு வெளியேறுகிறார்கள். புளிக்காத மாவைத் துணியில் சுற்றித் தோளிலே சுமக்கிறார்கள். பார்வோனின் தேர்கள் பின்னே வரப்போகின்றன. இடம்பெயர்ந்து ஓடிய எவருக்கும் தெரியும், அந்த வேளையில் எதை எடுப்பது எதை விடுவது என்பது எவ்வளவு கொடிய கணக்கு என்று. அந்த வேளையிலே மோசே, பல தலைமுறைகளுக்கு முன் இறந்துபோன யோசேப்பின் எலும்புகளை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். தாம் இறக்குமுன் யோசேப்பு தம் உறவினரிடம் ஆணை வாங்கிக் கேட்டுக்கொண்ட காரியம் அது. பாலைநிலத்தின் நாற்பது ஆண்டுகளையும் கடந்து, இறுதியிலே செக்கேமில், யாக்கோபு விலைகொடுத்து வாங்கியிருந்த குடும்ப நிலத்திலே அந்த எலும்புகள் அடக்கம் பண்ணப்பட்டன என்று யோசுவா நூலின் கடைசி அதிகாரம் சொல்கிறது. விடுதலை நாளின் மூட்டை முடிச்சுகளோடு குடும்பத்தில் இறந்த ஒருவரும் கூடவே போனார்.

இனி எமது நாட்டின் நாட்காட்டிக்கு வருவோம். 1948 பெப்ரவரி 4 இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அன்று பத்து வயதாயிருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு அந்த நாள் ஒன்று. அவர்களின் பிள்ளைகளுக்கு வேறொன்று. பல பத்தாண்டுகளின் பின் 2016 இல் சுதந்திர தின வைபவத்திலே தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020 இல் அது கைவிடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அந்த நாளைக் கரிநாளாகக் கடைப்பிடித்து வீதியிலே நிற்கிறார்கள். மே 18 முள்ளிவாய்க்காலின் நாள். மறுநாள் தலைநகரிலே படையினரை நினைவுகூரும் அரச நிகழ்வு. நவம்பர் 2 இல் மரித்த விசுவாசிகள் அனைவரின் நினைவு. அதே மாதம் 27 இல் மாவீரர் நாள். இவற்றோடு 2004 டிசம்பர் 26 உம் 2019 ஏப்ரல் 21 உம். ஒன்று நத்தாருக்கு மறுநாள், மற்றது உயிர்ப்பு ஞாயிறு. குடும்பங்கள் கூடியிருந்த நாட்களைப் பார்த்தே அலையும் வந்தது, குண்டும் வந்தது.

பாஸ்காவின் புளிக்காத அப்பத்தை இணைச்சட்ட நூல் துன்பத்தின் அப்பம் என்று அழைக்கிறது. மே மாதத்திலே சந்திகளில் பரிமாறப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் குடிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. 2009 இல் பட்டினியைத் தணித்த அதே வெறுங்கஞ்சி அது. ஆயினும், ஏன் குடிக்கிறோம் என்று சிறுவன் கேட்கும்போது மறுமொழி சொல்ல ஒருவர் அருகிலே இல்லையென்றால் அது வெறும் கஞ்சியாகவே முடிந்துவிடும்.

மறுமொழி சொல்வதில் இடர் உண்டு என்பதை மறுக்கவில்லை. இந்த நாட்களெல்லாம் ஒரே குடும்பத்துக்குள் வந்து சேர்கின்றன. அண்ணன் இயக்கத்திலே இறந்தார். மைத்துனர் இயக்கத்தாலே சுடப்பட்டார். மாமா ஷெல் விழுந்து செத்தார். நீர்கொழும்பிலோ சிலாபத்திலோ சிங்களம் பேசும் வீட்டிலே மணமுடித்த ஒன்றுவிட்ட சகோதரியின் மகன் இராணுவத்திலே சேர்ந்து இறந்தார். எமது பங்குகளிலே பணியாற்றிய எந்தக் குருவுக்கும் இப்படியான குடும்பங்கள் புதியவை அல்ல. ஒரு பெயரைச் சொன்னால் மற்றப் பெயரும் எழும்பும். கூழ்ப் பானையைச் சுற்றிச் சண்டை மூளும். அதனாலேயே பிள்ளையை விளையாட அனுப்பிவிடுகிறோம்.

மக்கபேயர் இரண்டாம் நூலின் 12 ஆம் அதிகாரத்தை வீட்டிலே திறந்து வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இறந்தோருக்காகச் செபிக்கும் எமது வழக்கத்துக்கு மறைக்கல்வி வகுப்பிலே காட்டப்படும் ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த இறந்தோர் யார் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அவர்கள் தம் மக்களுக்காகப் போரிட்டு வீழ்ந்த வீரர்கள். போர் ஓய்ந்தபின் யூதா மக்கபேயின் ஆட்கள் உடல்களை எடுத்து, மூதாதையரின் கல்லறைகளிலே உறவினரோடு அடக்கம் பண்ணப் போகிறார்கள். அப்பொழுது இறந்த ஒவ்வொருவரின் ஆடைக்குள்ளும் யாம்னியாவின் சிலைகளுக்குரிய தாயத்துகள் காணப்படுகின்றன. அவை திருச்சட்டம் விலக்கியவை.

யூதா அந்தத் தாயத்துகளை மறைத்துவிட்டு, மாசற்ற வீரர்கள் என்று கல் நாட்டியிருக்கலாம். அல்லது துரோகிகள் என்று சொல்லி, உடல்களை அந்த வெளியிலேயே விட்டுப் போயிருக்கலாம். இந்த இரண்டு வழியையும் எமது நாட்டிலே எல்லாத் தரப்பினரும் நடந்து பார்த்துவிட்டார்கள். கல்லறைகளே இடித்து நிரவப்பட்ட நாடு இது. யூதா கண்டதை எவருக்கும் ஒளிக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து அந்தப் பாவம் மன்னிக்கப்பட மன்றாடினார்கள். பின் ஆளுக்காள் பணம் சேர்த்து, ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளித் திராக்மாவைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். உயிர்த்தெழுதலை மனத்திற்கொண்டே அவர் இதைச் செய்தார் என்கிறார் நூலாசிரியர். செய்தது பிழை என்பதும், இவர்கள் எம்மவர் என்பதும், எமது செபம் இவர்களுக்கு வேண்டும் என்பதும் அந்தக் காணிக்கைக்குள் ஒன்றாகவே இருந்தன.

வீட்டிலும் அப்படிச் சொல்லலாம். "சித்தப்பா இயக்கத்திலை இருந்தவர். நல்லாப் பாடுவார். அவை செய்த சிலது பிழை எண்டு அப்பப்பா சொல்லுவார். அம்மம்மா இண்டைக்கும் அவருக்காகச் செபமாலை சொல்லுறா." இது பிள்ளைக்கு விளங்கும். விளங்காது என்று நினைத்து நாம் விட்டுவிட்டால், வெளிநாட்டிலே வளரும் அந்தப் பிள்ளை தன் கைத்தொலைபேசியில் தேடி, தன் சித்தப்பாவை வீரராக மாத்திரமோ பயங்கரவாதியாக மாத்திரமோ கண்டுபிடிக்கும். அவர் பாடுவார் என்பதை அங்கே எவரும் எழுதியிருக்கப்போவதில்லை.

யாழ்ப்பாணத்து வழக்கிலே 31 ஆம் நாளில் வெளியிடப்படும் கல்வெட்டு நூல்கள் பலவற்றில் வம்சாவளி இருக்கும். பத்திரிகையின் மரண அறிவித்தலும், அன்பு மகனும், பாசமிகு மருமகனும், ஆருயிர்க் கணவரும் என்று ஒரு மனிதரை முப்பது பேரோடு சேர்த்துக் கட்டிவிடும். (சில வாசகர்கள் இந்தப் பக்கத்துக்கு முன்னே அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதிலே குறையொன்றும் இல்லை.) ஆனால் இடம்பெயர்ந்த வழியிலே இறந்தவர்களுக்குக் கல்வெட்டும் இல்லை, அறிவித்தலும் இல்லை, சேமக்காலையிலே ஒரு சிலுவைகூட இல்லை. பங்குப் பதிவேடுகளே தொலைந்துபோன இடங்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு கொப்பி வாங்குங்கள். பெயர், ஞானஸ்நானப் பெயர், பிறந்த ஊர், எந்த ஆண்டில் எங்கே இறந்தார், யார் அருகிலிருந்தார், எந்தக் கறியை விரும்பினார், எதற்குக் கோபப்படுவார். படங்களின் பின்புறத்திலே பென்சிலால் பெயர் எழுதுங்கள். வீட்டிலே ஆக மூத்தவரிடம் கேட்டு எழுதும் வேலையைப் பேரப்பிள்ளையிடமே ஒப்படையுங்கள். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் எழுதட்டும்.

அந்தக் கொப்பியிலே எழுத முடியாத பெயர்களும் உண்டு. யாழ்ப்பாணம் செம்மணியிலே, சித்துப்பாத்தி மயானப் பகுதியில் 2025 இல் நடந்த அகழ்விலே இருநூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. பிள்ளைகளுடையவையும் அவற்றுள் இருந்தன. ஓகஸ்ட் 5 இல், அங்கே கிடைத்த உடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. யோசேப்பின் மக்களுக்குச் சுமந்து செல்ல எலும்புகளாவது இருந்தன.

நவம்பரிலே மரித்தோர் பட்டியலுக்குப் பெயர் கொடுங்கள் என்று உறவினர் சொல்லும்போது, "என்ர பிள்ளை சாகேல்லை" என்று எழுந்து போய்விடும் தாய்மார் எமது பங்குகளிலே இருக்கிறார்கள். குடும்பம் கூடும் நாளிலே அவர்களைச் சூழ்ந்து நின்று, இத்தனை ஆண்டாயிற்றே என்று வற்புறுத்துகிறவர்களும் நல்ல மனத்தோடுதான் அதைச் செய்கிறார்கள். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். திருச்சபை அந்தத் தாயிடம் அப்படியொரு ஒப்புதலைக் கேட்கவில்லை. திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டிலே, பெயர்களை நினைந்து குரு சற்றே மௌனமாக நிற்கும் இடங்கள் இரண்டு. எழுந்தேற்றத்துக்கு முன் வருவது உயிரோடிருப்பவர்களுக்கு. பின் வருவது மரித்தோருக்கு. அவருடைய மகனின் பெயரை முதலாவது இடத்துக்குக் கொடுக்கலாம். என்றாவது சான்று கிடைத்து, அவர் மனமும் இசைந்தால் இரண்டாவதற்கு மாற்றலாம். மாற்றாமலே அவர் கண்மூடினாலும் செபத்திலே குறைவேதும் நேர்ந்துவிடாது. ஆகவே இவ்வாண்டு கார்த்திகையில் பெயர் எழுதும் கடித உறையை ஆலயத்திலிருந்து எடுத்து வரும்போது, அந்தத் தாய்க்கென வேறோர் உறையையும் கொண்டுபோய்க் கொடுங்கள். மேலே, உயிரோடிருப்பவர்களுக்காக என்று எழுதிக் கொடுங்கள்.